உறைபனியும் அப்சிசிக் அமிலமும்

உறைபனியில் செடி மடிவதற்குக் குளிர் மட்டுமே காரணம் என்று எண்ணுவது சரியன்று. பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே, செல்சுவர்களின் இடைவெளியில் உருவாகி, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொள்வதால், செல் வறண்டு சுருங்கி, சவ்வு சிதைந்து இறக்கிறது. ஆகவே வறட்சிக் காலத்தில் இலைத்துளைகளை மூடச் செய்யும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் உறைதலிலும் கைகொடுப்பதில் எனக்கு வியப்பில்லை.

வியக்க வைப்பது, 1983-இல் கனடாவில் சென், கஸ்டா என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு. திரவ ஊடகத்தில் வளர்த்த புரோம் புல்லின் செல்களுக்கு இந்த அமிலத்தைக் கொடுத்து, 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலேயே நான்கு நாட்கள் வைத்திருந்தபோது, வழக்கமாக மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே தாங்காத அச்செல்கள் மைனஸ் 30 டிகிரி வரை தாங்கின. குளிரையே காணாமல் குளிருக்கு ஆயத்தமாகிவிட்டன!

டிஹைட்ரின் போன்ற, நீரை விரும்பும் புரதங்களுக்கான மரபணுக்களை இந்த ஹார்மோன் தூண்டுகிறது. அப்புரதங்களும், செல்லுக்குள் சேரும் சர்க்கரைகளும், நீர் குறைந்த நிலையில் சவ்வுகளைக் காக்கின்றன. எனினும் எல்லாப் பெருமையையும் அப்சிசிக் அமிலத்துக்கே தருவது மிகை: ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறுசெடியில், குளிர்பட்டதும் விழித்தெழுந்து குளிர் தாங்கும் திறனைத் தூண்டும் சிபிஎஃப் மரபணுக்கள் பெரும்பாலும் இந்த ஹார்மோனைச் சாராமலேயே இயங்குகின்றன.