ஷீட், குழாய், கடைவாய்ப் பல்

மே 18, ஞாயிறு

நேற்று ராத்திரி அடித்த காற்றில் வாசல் கூரை ஷீட் ஒன்று அரையடி நகர்ந்துவிட்டது. விடிய விடியத் தையல் மெஷின் மேல் சொட்டியிருக்கிறது. நல்லவேளை, மெஷினைப் பழைய ரெக்சினால் மூடியிருந்தேன். பக்கத்தில் மடித்து வைத்திருந்த யூனிஃபார்ம் துணி 4 செட் மட்டும் நனைந்தது. கத்திரி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அது கவலையில்லை. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது என்பதுதான் கவலை. நோட்டில் 26 பிள்ளைகளின் அளவு இருக்கிறது. தைத்து முடித்தது 9.

என் வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து சனிக்கிழமை ராத்திரிதான் வந்தார். காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, "கொக்கி போல்ட்டு துருப்பிடிச்சு அறுந்திருக்கு, தார் வாஷரும் போச்சு" என்றார். ஷீட்டை இழுத்து இடத்தில் வைத்து, மேலே இரண்டு செங்கல்லை ஏற்றிவிட்டு இறங்கினார். கடைசிப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அப்புறம் நாள் முழுக்கப் பாயில்தான். அத்தை கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். பிள்ளைக்கு 46 வயசு, அம்மாவுக்கு 72. முனகல் மட்டும் ஏழாவது படிக்கிற பையனுடையது. சாயங்காலம் கிளம்ப வேண்டியவர் திங்கள் விடியற்காலை பஸ்ஸுக்குப் போகிறேன் என்கிறார். ஷீட் சரியாகவில்லை.

மே 20, செவ்வாய்

சமையல்கட்டுக் குழாயை மூடினால் திருகு சுற்றிக்கொண்டே போகிறது, தண்ணீர் நிற்கவில்லை. அடுப்பில் களி கிண்டிப் பாதியில் இருக்கிறது. களியை விட்டால் கட்டி தட்டும், குழாயை விட்டால் டேங்க் காலியாகும். அத்தையிடம் களிக்கோலைக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

டேங்க் அடியில் இருக்கும் வால்வு அசையவில்லை. எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் சொல்லிக்கொடுப்பது எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் என்பதைத்தான். மாடி டேங்கிலிருந்து வருவது போர் தண்ணீர், உப்பு. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அது. வாசலில் பள்ளம் தோண்டி இறக்கியிருக்கும் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர், ஒகேனக்கல்லிலிருந்து ஏற்றி அனுப்புகிற காவிரி. குடிக்க, சமைக்க அதுதான். போர் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. குளிர்காலத்தில் தண்ணீர் சுடவைக்கும் ராடைத் தூக்கிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசின கரும்பு மாதிரி இருக்கும். வெளியில் தெரிவதே இப்படி என்றால் வால்வுக்குள் என்ன இருக்கும்?

தேங்காய் எண்ணெய் விட்டு, சுத்தியலால் நாலு பக்கமும் மெதுவாகத் தட்டி, பத்து நிமிஷம் பொறுத்துத் திருகினேன். முனகிக்கொண்டே மூடியது.

குழாயைக் கழற்றிப் பார்த்தால், வாஷர் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே திருகாணியின் மரைதான் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. பழைய குழாயைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. "வீட்டுக்காரரை வரச்சொல்லும்மா, அளவு தப்பாப் போயிடும்" என்றார். நாளெல்லாம் கை நீளம், கழுத்து இறக்கம் என்று அளவெடுப்பவளிடம் சொல்கிறார்! குழாயை மேஜையில் வைத்து, "அரை இஞ்சு, இதே மாதிரி பித்தளை, அப்புறம் ஒரு வெள்ளை டேப்" என்றேன். எடுத்துக் கொடுத்தார்.

முதல் தடவை மாட்டியபோது ஒழுகியது. டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். குழாயை எந்தப் பக்கம் திருகுகிறோமோ அந்தப் பக்கமே டேப்பையும் சுற்ற வேண்டும், இல்லையென்றால் திருகத் திருக அது பிரிந்து வெளியே தள்ளும். பாபினில் நூல் சுற்றுகிறவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். இரண்டாம் தடவை ஒரு சொட்டு இல்லை. போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

களி கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மே 21, புதன்

குழாய் புதிதானதும் பக்கத்தில் இருக்கிற எல்லாமே அழுக்காகத் தெரிகிறது. பாத்ரூம் ஷவரில் பாதி ஓட்டை உப்பில் அடைத்துக் கிடக்கிறது. ஆசிட் வாங்கலாம் என்றேன். அத்தை, "எதுக்கு? வீட்ல இல்லாத புளியா?" என்றார்.

உண்மைதான். மாசியில் ஊரிலிருந்து வந்த புளி, கொட்டை எடுத்து உப்புப் போட்டு இரண்டு பானை நிற்கிறது. தருமபுரியில் பிறந்துவிட்டுக் கடையில் புளி வாங்கினால் அத்தைக்கு மானக்கேடு. பழைய புளி ஒரு கைப்பிடியைக் கெட்டியாகக் கரைத்து, ஷவரைக் கழற்றி ராத்திரி முழுக்க ஊறப்போட்டோம். காலையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்கிறது. பித்தளைக் குடம் தேய்க்கிற புளிக்கு இது ஒரு வேலையா!

ஷவரைத் திறந்ததும் நாலு பக்கமும் பீய்ச்சி, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பையன் முழுக்க நனைந்தான். அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

மே 24, சனி

நாத்தனார் பிள்ளைகளோடு வந்தாள். காவேரிப்பட்டினத்திலிருந்து வருகிறவள் நிப்பட்டு (தட்டை மாதிரி) இல்லாமல் வரமாட்டாள். மாங்காய் ஒரு கூடை, நிப்பட்டு இரண்டு பை. கூடையில் செந்தூரா கொஞ்சம், மீதி பெங்களூரா. கிளிமூக்கு மாதிரி வளைந்திருக்குமே, அது. அவர்கள் தோப்பில் முக்கால்வாசி அந்த மரம்தான், கூழ் போடும் தொழிற்சாலைக்குப் போகிற காய். இந்த வருஷம் காய்ப்பு அதிகம், விலை எப்படிப் போகுமோ என்று வந்ததிலிருந்து அதே பேச்சு. "காய்க்கலேன்னாலும் அழுவோம், காய்ச்சாலும் அழுவோம் அண்ணி" என்றாள்.

அவள் காஜா (பித்தான் துளை) கட்டிக்கொடுத்தாள். பேசிக்கொண்டே 3 சட்டை முடிந்தது. அதற்காகவே மாதம் ஒரு தடவை வரலாம்.

அவருக்கு இடுப்பு தேவலை. ஆனால் ஏணியைப் பார்த்ததும் லேசாக வலிக்கிறதாம்.

மே 25, ஞாயிறு

காலையில் நாத்தனார் மகள் உதடெல்லாம் எரிகிறது என்று அழுதுகொண்டு வந்தாள். கூடையிலிருந்து காயை எடுத்துக் காம்பைக் கிள்ளி, கழுவாமல் கடித்திருக்கிறாள். மாம்பால் பட்டு வாயோரம் சிவந்து தடித்திருந்தது. தோப்புக்காரன் மகளுக்கே இந்தக் கதி! காம்பு ஒடித்த காயைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட்டு, நன்றாகக் கழுவித்தான் தொட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அழுகை நிற்க ஒரு நிப்பட்டு தேவைப்பட்டது.

மத்தியானம் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்தார்கள். "ஆயா, சிரிங்க ஆயா" என்று பிள்ளைகள் கத்தின. அத்தை உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். அவர் வாய் திறந்திருக்கிற போட்டோ ஒன்றுகூட இந்த வீட்டில் கிடையாது.

நான் ஆத்தூர்க்காரி. 2009-ல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது கூட வந்த ஒரு பெரியம்மா, "பொண்ணு பல்லு நல்லா வெள்ளையா இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மாடு பிடிக்க வந்தவர்கள் மாதிரி இருக்கிறதே என்று எனக்கு அப்போது ஆத்திரம். இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அத்தை பிறந்தது பென்னாகரம் பக்கத்துக் கிராமம், சின்ன வயசு முழுக்கக் கிணற்றுத் தண்ணீர். பற்களில் தேயிலைச் சாயம் இறங்கினது மாதிரி பழுப்புக் கோடுகள். அவருக்கு (என் வீட்டுக்காரருக்கு) அவ்வளவு இல்லை, சாக்பீஸ் தேய்த்த மாதிரி வெள்ளைத் திட்டும் முன்பல்லில் ஒரு பழுப்புக் கீற்றும்.

அத்தை கல்யாணத்துக்கு முன்னால் செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு எல்லாம் போட்டுத் தேய்த்து ஈறில் ரத்தம் வரவைத்திருக்கிறார். அப்புறம் வெற்றிலை பழகிக்கொண்டாராம். "கேட்டா வெத்தலைக் காவின்னு சொல்லிக்கலாம்ல." இதை எனக்குச் சொல்ல அவருக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

வீட்டுக்காரர் ஒரு தடவை பல் டாக்டரிடம் கேட்டபோது நானும் கூட இருந்தேன். பாறையிலிருந்து நிலத்தடித் தண்ணீரில் கரைகிற ஃபுளோரைடுதான் காரணம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கவே கூடாது என்றார். ஈறுக்குள் பல் உருவாகிற வயசில் குடிக்கிற தண்ணீர்தான் கறையாகிறது. வளர்ந்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கொதிக்கவைத்தாலும் பிரயோஜனம் இல்லை, தண்ணீர் சுண்டினால் ஃபுளோரைடு இன்னும் கூடத்தான் செய்யும். நான் வந்த புதிதில் தினமும் போர் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டி, பெரிய சுத்தக்காரி மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மே 28, புதன்

இன்றோடு கத்திரி முடிகிறது. ஆற்றுத் தண்ணீர் விடியற்காலை 5 மணிக்கு வந்தது. பள்ளத்தில் இறங்கிக் குடம் பிடிக்க அத்தைக்கு முட்டி மடங்கவில்லை, நான் இறங்கினேன், அவர் மேலே நின்று எண்ணினார். 14 குடம். ஒகேனக்கல் திட்டத்துக்கு ஜப்பான் கடன் கொடுத்தது என்று எப்போதோ கேட்டதிலிருந்து அத்தைக்கு இது "சப்பான் தண்ணி". 2013-ல் திட்டத்தைத் திறந்தார்கள், பையன் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். அவனுக்குச் சங்கடையில் (பாலாடையில்) புகட்டியதே இந்தத் தண்ணீர்தான். அந்த நாளிலிருந்து அத்தை அவன் தண்ணீரை மட்டும் தனிக் குடத்தில் மூடி வைப்பார். அவர் குடிக்கிறது இன்றும் கடைசிக் குடம்தான்.

யூனிஃபார்ம் 19.

மே 30, வெள்ளி

ஒருவழியாக ஷீட்டுக்கு ஆள் வந்தார். நாலு போல்ட், நாலு வாஷர், அரை மணி நேரம், 600 ரூபாய். செங்கல் இரண்டையும் கீழே இறக்கி வைத்துவிட்டு, "இதை யாரும்மா வெச்சது? இன்னொரு காத்து அடிச்சிருந்தா தலையில விழுந்திருக்கும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓசூருக்கு மட்டும் சொன்னேன்.

பையனுக்குக் கடைவாயில் ஒரு பால்பல் ஆடுகிறது. ஒரு பக்கமாக மென்று, சாப்பிட ஒரு மணி நேரம் ஆக்குகிறான். நிப்பட்டு மட்டும் எப்படியோ உள்ளே போகிறது.

ஜூன் 1, ஞாயிறு

26-வது சட்டைக்குப் பித்தான் வைத்தபோது ராத்திரி 11 மணி. வாங்கிக்கொண்டு போக வந்த அம்மா, "கொஞ்சம் லூசா இருக்கே" என்றார். பிள்ளை வளரும் என்றேன்.

ஜூன் 2, திங்கள்

காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, இட்லியோடு பல் வந்துவிட்டது. வாய் நிறைய ரத்தம், கையில் பல், வாசலில் ஆட்டோ. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். "எந்த உப்புத் தண்ணி, போர் தண்ணியா?" என்று கேட்கிறான், அந்த நேரத்திலும்.

அத்தை அவனைத் திண்ணையில் உட்காரவைத்து, செல்போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்த்தார். பால்பல் இருந்த இடத்தில் புதுப்பல் ஏற்கனவே நுனி காட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் தொற, தொற" என்று தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அத்தை கேட்டதாகத் தெரியவில்லை.

"வெள்ளையா இருக்கு" என்றார் கடைசியில்.

பையன் ஓடிவிட்டான். அத்தை பல்லைக் கழுவி, சாணி உருண்டைக்குள் வைத்து, கிழக்கே பார்த்து நின்று கூரை மேல் எறிந்தார். 72 வயசுக் கை, ஆனாலும் ஷீட்டின் உச்சி வரைக்கும் போனது. டொக்கென்று விழுந்து, சரிவில் தடதடவென்று உருண்டு, திரும்ப வாசலுக்கே வந்துவிட்டது.

"ஓட்டு வீடா இருந்தா நின்னிருக்கும்" என்றார். குனிய முட்டி விடவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், இரண்டாம் தடவை எறிய.