தண்ணீர் சூடேறவில்லை, கார்டு கொதித்தது: என் வாட்டர் பிளாக் அனுபவம்

திரையில் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டின் நடுச் சிப், 83 டிகிரி; அதிலேயே மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட் 106 டிகிரி. தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புகூட இல்லை. மூன்று இரவு கண்விழித்துக் குழாய் மாட்டிய கணினி முன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பழுது எங்கே என்பதை இந்த இரண்டு விவரமும் சேர்ந்து அப்போதே சொல்லிவிட்டன. எனக்குத்தான் அது புரிய ஒரு வாரம் ஆனது. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த ஒரு வாரமாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வேலை வரும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் விழும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் அதை நீக்கும் வேலை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழுகிறது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கார்டு வைத்து அதை மைனிங் செய்வது நின்றுபோனது. அதன் பிறகு பழைய கார்டுகள் சந்தைக்கு நிறைய வந்தன. அப்போது ஈப்போவில் ஒருவரிடம் ஆர்டிஎக்ஸ் 3080 ஒன்றை 1,800 வெள்ளிக்கு வாங்கினேன். நல்ல கார்டு. ஆனால் 320 வாட் இழுக்கும். என் அறையோ பிற்பகலில் 33 டிகிரிக்குப் போகும். விசிறிகள் எழுப்பும் சத்தத்தில், தாலி கட்டும் நேரத்து நாதஸ்வரமும் தவிலும் சரியான அளவில் சேர்ந்திருக்கிறதா என்று காதால் எடை போட முடியவில்லை. தண்ணீர் குளிரூட்டலுக்குப் போனதற்குக் காரணம் அந்தச் சத்தம்தான்.

சிப்பின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் செம்புக் கட்டிதான் வாட்டர் பிளாக். அதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 3080 என்ற பெயரைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. ஒரே 3080-ஐப் பல நிறுவனங்கள் பல வடிவ போர்டில் செய்தன. ஸ்க்ரூ துளைகள், காயில்கள், கெப்பாசிட்டர்களின் உயரம் எல்லாம் மாறும். கார்டைக் கழற்றிப் படம் எடுத்து, பிளாக் செய்தவர்கள் தரும் படத்தோடு துளைக்குத் துளை ஒப்பிட்ட பிறகே நான் ஆர்டர் போட்டேன். இந்த ஒரு விஷயத்தில் நான் அவசரப்படவில்லை. பின்னால் சந்தேகப்பட்ட பலவற்றில் பிளாக்கின் அளவு இல்லாமல் போனதற்கு அதுவே காரணம்.

பழைய கூலரைக் கழற்றும் முன் கார்டைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினேன். சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்திருந்தால் அப்போதுதான் இளகும். நேராகப் பிடித்து இழுக்காமல் இடமும் வலமுமாக லேசாகத் திருகினால் விட்டுக்கொடுக்கும். விசிறி வயர்களின் குட்டிப் பிளக்கை நகத்தால் நெம்ப வேண்டும், வயரைப் பிடித்து இழுத்தால் சாக்கெட்டே போர்டைவிட்டு வந்துவிடும். உள்ளே பார்த்தால், மெமரி சிப்புகளின் மேல் சூட்டைக் கடத்த ஒட்டியிருந்த பழைய பேடுகள் எண்ணெய் கக்கிப் போர்டெல்லாம் பிசுபிசு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பல்துலக்கும் தூரிகையும் கொண்டு ஒரு மாலை முழுக்கத் துடைத்தேன். இரும்பு எதுவும் படாமல், பழைய பிளாஸ்டிக் அட்டையின் முனையால் மட்டும் சுரண்டினேன்.

தவறு அடுத்த நாள்தான் நடந்தது. பிளாக்கோடு வந்த தெர்மல் பேடை வெட்டும்போது பாதி கிழிந்துபோனது. கையிலே வேறு கார்டுக்கு வாங்கிய 1.5 மி.மீ. பேட் ஒன்று இருந்தது. கையேட்டில் மெமரி சிப்புகளுக்கு 1.0 மி.மீ. என்று போட்டிருந்தார்கள். அரை மில்லிமீட்டர்தானே, ஸ்க்ரூவை முறுக்கினால் அமுங்கிவிடும் என்று நினைத்துவிட்டேன்.

மாட்டி, கசிவு பார்த்து, தண்ணீர் நிரப்பி, கார்டுக்கு முழு வேலை கொடுக்க ஒரு வீடியோவை ரெண்டர் போட்டேன். அப்போது வந்த கணக்குத்தான் 83-ம் 106-ம்.

முதலில் பம்பின் மேல் சந்தேகப்பட்டேன். தொட்டியில் நீர் சுழல்வது கண்ணுக்குத் தெரிந்தது. காற்றுக் குமிழி அடைத்திருக்குமோ என்று பெட்டியை நாலு பக்கமும் சாய்த்துப் பார்த்தேன். நீர் நுழையும் வழியும் வெளியேறும் வழியும் மாறிவிட்டதோ என்று கையேட்டைத் திரும்பப் புரட்டினேன். எல்லாம் சரிதான். இதிலேயே இரண்டு இரவு போனது.

அப்புறம் மெதுவாக யோசித்தபோது விஷயம் பிடிபட்டது. ரேடியேட்டர் போதவில்லை என்றால் தண்ணீர் சூடாகும், அதோடு சேர்ந்து கார்டும் பல நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறும். நீரோட்டம் மந்தமாக இருந்தால் பிளாக்கை விட்டு வெளியேறும் குழாய் உள்ளே போகும் குழாயைவிடக் கையில் உணரும் அளவுக்குச் சூடாக இருக்கும். எனக்கு இந்த இரண்டுமே இல்லை. ரெண்டர் தொடங்கிய சில நொடியிலேயே எண் 80-ஐத் தாண்டியது, இரண்டு குழாயும் ஒரே குளிர்ச்சி. சூடு தண்ணீருக்கு வந்து சேரவே இல்லை. அப்படியென்றால் சிப்புக்கும் செம்புக்கும் நடுவில்தான் ஏதோ தடை. ஜிபியு வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இருந்த 23 டிகிரி இடைவெளியும் அதையே சொன்னது. வாட்டர் பிளாக் நன்றாக உட்கார்ந்திருந்தால் அந்த இடைவெளி பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

நீரை வடித்துக் கழற்றினேன். பேஸ்டைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது. அழுந்திய பேஸ்ட் கண்ணாடித்தாள்போல் மெல்லியதாய், உலோகம் தெரியும் அளவுக்குப் படிந்திருக்க வேண்டும். எனக்கோ தடிப்பாய், பாதி இடத்தில் நான் பூசிய கோடுகள்கூடக் கலையாமல் அப்படியே நின்றது. பேடுகளிலோ மெமரி சிப்புகளின் நான்கு மூலையும் ஆழமாகப் பதிந்திருந்தன. பிளாக் பேடுகளின் மேல் ஏறி நின்றிருக்கிறது, நடுச் சிப்பை அது சரியாகத் தொடவே இல்லை. இந்தக் கார்டில் மெமரி சிப் பத்து. அந்தப் பத்தின் பரப்பும் சேர்ந்தால் 628 சதுர மி.மீ. உள்ள நடுச் சிப்பைவிடப் பெரிது. பேடும் கெட்டியான வகை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு பலகையைத் தாங்கிப் பிடித்ததுபோல அவை பிளாக்கைத் தாங்கிவிட்டன.

அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருடம் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்தவர்.

“ஏம்மா, மாட்டுறதுக்கு முன்னால படியுதா இல்லையான்னு பார்க்க மாட்டியா?”

“எப்படிப்பா பார்க்கிறது? மூடினா உள்ள தெரியாதே.”

அவர் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு தாளில் வட்டம் போட்டு, அதன் விளிம்பில் குறுக்காகச் சின்னச் சின்னக் கோடுகள் இழுத்தார். இஞ்சின் வால்வு அதன் இருக்கையில் சரியாகப் படிகிறதா என்று பார்க்க அப்படித்தான் செய்வார்களாம். விளிம்பில் பென்சில் கோடு போட்டு, வால்வை வைத்து லேசாகத் திருப்பி எடுப்பார்கள். எல்லாக் கோடும் அழிந்திருந்தால் முழுக்கப் படிகிறது. ஒரு பக்கம் கோடு மிச்சமிருந்தால் அந்தப் பக்கம் இடைவெளி.

அதையே இங்கே செய்தேன். பேடு எதுவும் வைக்காமல், நடுச் சிப்பில் மட்டும் பேஸ்ட் பூசி, பிளாக்கை வைத்து இறுக்கி உடனே கழற்றினேன். இந்த நிலையில் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது, மெமரி சிப்புகள் வெற்றாக இருக்கின்றன. பேஸ்ட் நான்கு மூலை வரை சீராக அழுந்தியிருந்தது. பிளாக்கில் குறை இல்லை, பிளாக்கைப் போர்டின் மேல் சரியான உயரத்தில் நிறுத்தும் தாங்கு கால்களிலும் குறை இல்லை, குற்றம் பேடுதான் என்று அந்த ஒரே தடயத்தில் உறுதியானது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் தண்ணீரே ஊற்றியிருக்க வேண்டாம்.

மென்மையான 1.0 மி.மீ. பேட் தபாலில் வர நான்கு நாள் ஆனது. ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டாருக்குப் போன் போட்டுத் தாமதம் சொன்னேன்.

இரண்டாம் முறை அப்பா சொன்னபடி இறுக்கினேன். சிலிண்டர் ஹெட்டை மாட்டுவதுபோல நடுவிலிருந்து வெளியே, எதிரெதிர் மூலையாக, ஒரு சுற்றில் முடிக்காமல் பல சுற்றாக. முதலில் சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்க்ரூவையும் விரலால் பிடிக்கும் வரை மட்டும் திருகினேன். பிறகு மூலைக்கு அரைச் சுற்று வீதம் மாற்றி மாற்றி, ஸ்க்ரூ தானாக நிற்கும் இடம் வரை. அதற்கு மேல் பலம் கொடுத்தால் போர்டு வளையும், மெமரி சிப்பின் அடியிலுள்ள ஈயப்பற்று விட்டுப்போகலாம். இறுகவில்லையே என்ற பயத்தில் முறுக்கிக்கொண்டே போகத் தோன்றும். கையை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த முறை ஜிபியு 61, ஹாட்ஸ்பாட் 86, மெமரி 104. தண்ணீர் இப்போது சூடேறுகிறது, நல்லது. ஆனால் இடைவெளி இன்னும் 25 டிகிரி. இந்த வகை ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110-ஐத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 104 என்பது அதற்கு மிக அருகில். ஜிபியு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் 61 நல்லதுதானே என்று பெட்டியை மூடியிருப்பேன். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் மூன்று எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

மறுபடி கழற்றினேன். பேஸ்ட் ஒரு மூலையில் மெல்லிசு, எதிர் மூலையில் தடிப்பு. தடித்த பக்கத்து மெமரி பேட் இரண்டில் எந்தப் பதிவும் இல்லை, புதிது போலவே இருந்தன. பிளாக் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஏன்? டார்ச் அடித்து ஒவ்வொரு தாங்கு காலாகப் பார்த்தேன். சிப்புக்கு மின்சாரம் தரும் பகுதிக்கு நான் வெட்டிய பேட் சற்று நீளமாகிப்போய், அதன் ஓரம் ஒரு தாங்கு காலுக்கு அடியில் மாட்டியிருந்தது. நகத்துண்டு அளவுகூட இல்லை. சாம்பல் நிறத்தில் நசுங்கி, உலோகத்தோடு உலோகமாய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசி முனையால் எடுத்து விரல்நுனியில் வைத்துப் பார்த்தேன். அத்தனை சூட்டுக்கும் இதுதான் காரணம் என்று நம்பவே முடியவில்லை.

பேடுகளை ரூலர் வைத்து மறுபடி வெட்டி, ஒவ்வொரு தாங்கு காலைச் சுற்றியும் இரண்டு மி.மீ. விட்டு ஒட்டினேன். இரண்டு பக்கப் பிளாஸ்டிக் தாளும் உரித்தாயிற்றா என்று விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். பேஸ்டைச் சிப் முழுவதும் மெல்லிசாகத் தடவினேன். மூடியில்லாத வெற்றுச் சிப் என்பதால் ஒரு மூலைகூடக் காய்ந்து நிற்கக் கூடாது.

கசிவு பார்ப்பதற்கு நான் செய்தது இது. பவர் சப்ளையின் 24 முனை பிளக்கில் பச்சை வயரின் முனையையும் ஒரு கறுப்பு வயரின் முனையையும் கம்பியால் இணைத்தால் கணினி இல்லாமலே அது இயங்கும். மற்ற எல்லா வயரையும் பிடுங்கிவிட்டுப் பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தேன். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ. இரவு முழுக்க ஓடவிட்டேன். உள்ளே ஊற்றியது கடையில் 1.5 லிட்டர் போத்தலில் விற்கும் காய்ச்சி வடித்த நீரும், பாசி பிடிக்காமலிருக்கச் சில சொட்டு மருந்தும். குழாய் நீர் கூடாது. அதேபோல் செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள், அலுமினியம் அரித்துப்போகும். நம் ஊர் ஈரப்பதத்தில் பிளாக் வியர்க்குமா என்று பலர் கேட்கிறார்கள். வியர்க்காது. ரேடியேட்டரும் விசிறியும் மட்டும் வைத்துத் தண்ணீரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது, அதனால் நீர் கோக்க வழியில்லை.

காலையில் டிஷ்யூ எல்லாம் காய்ந்திருந்தது. ரெண்டர் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அறை 32, தண்ணீர் 43, ஜிபியு 56, ஹாட்ஸ்பாட் 67, மெமரி 80. அந்த எண்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“அப்ப படிஞ்சிருச்சு” என்றார்.

முதல் கல்யாணத்தின் ஒலியை அன்று இரவே சரிசெய்தேன். கெட்டிமேளம் எழும்பும்போது பின்னால் சின்னப் பிள்ளை ஒன்று அழுவதுகூடத் தனியாகக் கேட்டது. அத்தனை நாளும் விசிறி இரைச்சலில் அதை நான் கவனித்ததே இல்லை. அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

பெட்டியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: மெமரிக்கு 1.0, எந்த ஸ்க்ரூ எந்த வரிசை, கடைசியாக நீர் மாற்றிய தேதி. மிச்சமிருந்த 1.5 மி.மீ. பேடைத் தனி உறையில் போட்டு, மேலே அதன் தடிமனைப் பெரிதாக எழுதி வைத்துவிட்டேன்.