கப்பலில் இராச்சாப்பாட்டுக்கு என்ன உடுப்பது?

அடுத்த மாதம் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறோம். ஏழு இரவுப் பயணம். அதில் இரண்டு இரவுகள் கோட், டை என்று விசேட உடுப்பாம். இவருக்கு வாடகைக் கோட் தேடி வெள்ளவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கிடைத்த ஒன்றில் பூச்சி உருண்டை வாசம். (எத்தனை கல்யாணம் கண்டதோ!)

பிறகுதான் விதிகளை ஒழுங்காக வாசித்தேன்: தேசிய உடையும் செல்லுமாம். பட்டு வேட்டி அலுமாரியிலேயே இருக்கிறது! மற்ற இரவுகளில் பெரிய சாப்பாட்டு மண்டபத்துக்கு நீளக் காற்சட்டையும் கொலர் வைத்த சட்டையும் போதும். அரைக் காற்சட்டைக்காரர் மேல்தள பஃபேக்குப் போகலாம்.

எனக்கு மெல்லிய சேலை, ஏசிக் குளிருக்கு ஒரு சால்வை. குதி உயர்ந்த செருப்பு வீட்டிலேயே இருக்கட்டும். கப்பல் ஆடும்போது கொசுவத்தைப் பிடிப்பதா, சூப்புக் கோப்பையைப் பிடிப்பதா?