குவாஷில் ஸ்டில் லைஃப்: வாழைப்பூவை வைத்துப் பழகுங்கள்

1850-இல் தொடங்கிய நம் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் சேரும் ஆசையோடு குவாஷில் (அடி தெரியாமல் கெட்டியாகப் பூசும் நீர்வண்ணம்) ஸ்டில் லைஃப், அதாவது எதிரே வைத்த பொருள்களைப் பார்த்து வரைவது, கை பழகும் தம்பி தங்கைகள் எடுத்ததும் கேட்பது, "எந்த கம்பெனி கலர் வாங்கலாம்?" கம்பெனி பெரிய விஷயமில்லை. போஸ்டர் கலரிலேயே நன்றாகப் பழகலாம். கவனிக்க வேண்டியது வேறு. ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்தபின் இருக்காது. வெளிர் நிறம் காய்ந்தால் கொஞ்சம் அடர்த்தியாகும், அடர் நிறம் வெளுக்கும். ஈரத்தில் பிரமாதமாக இருந்த நிழல் காய்ந்ததும் சப்பென்று ஆகிவிடும்.

அதனால் நிறத்தைக் கலந்ததும் அதே தாளின் துண்டு ஒன்றில் தீற்றிக் காயவிடுங்கள். காய்ந்ததைப் பொருளுக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சரியாக இருந்தால்தான் படத்தில் வைக்க வேண்டும். தேர்வு நேரத்தில் இதற்கெல்லாம் பொழுது ஏது என்று தோன்றும். உண்மையில் நேரத்தைத் தின்பது திருத்தம்தான். குவாஷில் இருப்பது கருவேலம் பிசின் வகை. காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் இளகும். மேலே தேய்க்கத் தேய்க்க அடியில் இருப்பதும் கிளம்பி வந்து எல்லாம் சேறாகும். தோசை மாவுப் பதத்தில் கலந்து, ஒரே இழுப்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பொருளுக்குக் கோயம்பேடு வரை போக வேண்டாம், தெருமுனைக் காய்கறிக் கடையே போதும். ஒரு வாழைப்பூ, இரண்டு கத்தரிக்காய், வீட்டில் இருந்தால் ஒரு சங்கு. வாழைப்பூவைத்தான் நான் முதலில் சொல்வேன். தூரத்தில் அது வெறும் கருஞ்சிவப்பு. கிட்டப் போனால் மடலின் மேல் நீலச் சாம்பலாக மாவு பூத்திருக்கும். கடைக்காரர் விரல் பட்ட இடத்தில் மட்டும் அது கலைந்து ஊதாச் சிவப்பு தெரியும். மடல் சுருண்டு விலகும் ஓரத்தில் உட்புறச் சிவப்பு பளீரென்று எட்டிப் பார்க்கும். கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரின் (அடர் நீலம்), துளி பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) கலந்து நடுத்தர நிறத்தை முதலில் தட்டையாகப் பூசுங்கள். காய்ந்ததும் மடிப்புகளில் அடர் நிறம். அந்த மாவுப் பூச்சுக்கு நீலச் சாம்பல் நிறம் தொட்ட பிரஷைத் துணியில் ஒற்றி, மடலின் கோடுகள் ஓடும் திசையிலேயே லேசாக வருடுங்கள். வெள்ளையை அப்படியே எடுக்காதீர்கள். நிழல் பகுதிக்குள் வெள்ளை நுழைந்தால் படம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும், அப்புறம் மீட்பது கஷ்டம். மடல் நேரம் ஆக ஆக விரியும், வாடும்; அதனால் பூவை முதலில் முடியுங்கள். சங்கு எங்கும் ஓடாது.

வெளிச்சம் பற்றி ஒன்று. வடக்கு ஜன்னலில் வெளிச்சம் மாறாது என்று புத்தகங்களில் இருக்கும். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கோடை விடுமுறையில் வடக்கு ஜன்னலை நம்பி உட்கார்ந்தால் வெயில் உள்ளே விழுந்து நிழல்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிடுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு காய்க்கு இரண்டு நிழல் விழும். ஃபேன் காற்றில் தட்டிலுள்ள கலர் சீக்கிரம் இறுகும். ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.

கத்தரிக்காயின் பளபளப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் வெள்ளைப் பொட்டு இல்லை. உற்றுப் பார்த்தால் ஜன்னலே வளைந்து விழுந்திருக்கும், லேசான நீலத்தோடு, ஒரு ஓரம் கூர்மையாக, மறு ஓரம் கரைந்து. கெட்டியாக எடுத்து ஒரே தொடுதலில் வையுங்கள், மறுபடி அதன்மேல் பிரஷ் படக்கூடாது.