1.46: ஒரு காலின் பனிக்காலக் குறிப்பு

டிசம்பர் 11, குன்னூர்

விடியலில் புல்லெல்லாம் வெள்ளை. இந்தக் குளிரில் நடந்து வந்தவரை உடனே படுக்கவைத்துக் காலில் நாடி தேடினால் கிடைக்காது. தோலோரத்து ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கிடக்கும். கம்பளி போர்த்தி, மல்லாக்கப் பத்து நிமிஷம் படுக்கட்டும். அப்புறம் கை வைக்கலாம். பாதத்தின் மேல்பக்க நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு பண்ணக் கூடாது. உள்பக்கக் கணுவுக்குப் பின்னாடி இருப்பதையும் தேடணும்.

டிசம்பர் 12

மகளோடு வந்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் கையில் 130. இடது கணுக்காலில் 190. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 1.46. காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்கும் எண் இது.

"ஒண்ணுக்கு மேல இருந்தா நல்லதுதானேக்கா?" என்கிறாள் அவர் மகள். அதுதான் இல்லை.

டிசம்பர் 13

அந்த 1.46 மண்டையிலேயே நிற்கிறது.

1.0 முதல் 1.4 வரை சரி. 0.9க்குக் கீழே போனால் அடைப்பு. இவ்வளவுதான் எல்லோருக்கும் மனப்பாடம். 1.4ஐத் தாண்டினால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. பல வருஷம் சுகர் இருந்தால் ரத்தக்குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிகிறது. ரப்பர் ஹோஸை மிதித்தால் தண்ணீர் நிற்கும். இரும்புக் குழாயை மிதித்தால் நிற்குமா? அழுத்தம் பார்க்கும் பட்டையை, அதாவது கஃப்பை, எவ்வளவு இறுக்கினாலும் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் காட்டும் கருவி) சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், சிலருக்கு 250 தாண்டியும். நாம் அளந்தது சுவரின் விறைப்பை. உள்ளே ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. எண்ணைவிட டாப்ளர் சத்தம் நம்பகம்: நல்ல குழாயில் படபடவென்று அடுக்கடுக்காகக் கேட்கும், கெட்டதில் ஒரே இழுவையாக 'ஹூ' என்று வரும். இவருக்கு இழுவை.

கால்விரல் குழாய்களில் சுண்ணாம்பு பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. அதனால் பெருவிரலில் சின்னக் கஃப் போட்டு அளக்கணும். கை அழுத்தத்தோடு வகுத்து 0.7க்குக் கீழே வந்தால் கோளாறு.

டிசம்பர் 14

விரல் கஃப் வரவில்லை.

டிசம்பர் 16

வலி இல்லையாம். மேட்டில் ஏறும்போது கெண்டைக்கால் பிடித்து, ரெண்டு நிமிஷம் நின்றால் விடுகிறது என்றால் அது ரத்தம் பற்றாத வலி. எஸ்டேட் சரிவுகளில் இருப்பவர்களுக்குச் சமவெளிக்காரர்களைவிட முன்னாடியே தெரிந்துவிடணும். ஆனால் சுகர் நரம்பையும் சேர்த்துத் தின்றிருந்தால் வலியே காட்டாது. பீடி பெரும்பாலும் இடுப்பு, தொடைக் குழாய்களை அடைக்கும். சுகர் முழங்காலுக்குக் கீழே இருக்கும் மூன்று மெல்லிய குழாய்களை நீளத்துக்கு அடைக்கும். ரெண்டும் சேர்ந்த ஆளுக்கு மேலேயும் கீழேயும். இவருக்கு ரெண்டும் உண்டு.

டிசம்பர் 18

இன்றைக்கும் ஒரு வெந்நீர்ப் பை கொப்புளம். வேறொரு அம்மா.

எத்தனை தடவை சொன்னாலும் கட்டிலுக்கடியில் கணப்புச் சட்டி, கம்பளிக்குள் வெந்நீர்ப் பை. உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் 10 கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் வளையும்வரை அழுத்தியும் தெரியாதவருக்குச் சூடு எப்படித் தெரியும்? சூடு பட்டால் அந்த இடத்துச் சதை கூடுதல் ரத்தம் கேட்கும். அடைத்த குழாய் அதைக் கொடுக்காது. நல்ல காலில் தானாக ஆறும் கொப்புளம் இங்கே கறுத்துப்போகும். குளிருக்குத் தளர்வான கம்பளி சாக்ஸ் போதும், தையல் வெளிப்பக்கமாகத் திருப்பி. ரப்பர் பட்டி காலில் தடம் பதித்தால் அந்த சாக்ஸ் வேண்டாம்.

டிசம்பர் 20

கஃப் வந்தது. பெருவிரல்: 28.

130க்கு 28. 30க்குக் கீழே புண் தானாக ஆறும் என்று காத்திருப்பது சூதாட்டம். விரல் நுனியில் மிளகளவு கறுப்பு, காய்ந்திருக்கிறது. காய்ந்தது காய்ந்தபடியே இருக்கட்டும்: ஊறவைக்காதே, சுரண்டாதே, காலாணி பிளாஸ்டர் ஒட்டாதே (அதிலிருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்), விரலிடுக்கில் உலர்ந்த காஸ் துணி. நாற்றம், கசிவு, மேலே ஏறும் சிவப்பு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்கணும். சந்தைக்குப் போகும்போது பார்த்துக்கலாம் என்பதெல்லாம் கிடையாது.

டிசம்பர் 21

கிட்னி எப்படி இருக்கிறது என்று சொல்லும் கிரியேட்டினின் ரிப்போர்ட் வரவில்லை.

டிசம்பர் 23

பையில் சிலோஸ்டசால் இருக்கிறது. யாரோ எழுதியது. அது நடக்கும்போது வரும் வலிக்கு, புண்ணுக்கு அல்ல. இதயம் தளர்ந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. இவருக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை! கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினை மட்டும் "கொலஸ்ட்ரால் நார்மல்" என்று நிறுத்தியிருக்கிறார்கள். காலில் அடைப்பு இருந்தால் கொலஸ்ட்ரால் எவ்வளவு இருந்தாலும் ஸ்டாட்டின் வேண்டும். கால் குழாய் அடைத்தவருக்கு இதயமும் மூளையும் அதே வரிசையில் நிற்கின்றன.

டீயோடு மூன்று வர்க்கி. தினமும். சர்க்கரை போடாத டீயாம்.

டிசம்பர் 26

ரிப்போர்ட் வந்தது. 1.6, அதிகம். அதனால் முதலில் டை (படத்தில் குழாய் தெரிய ஏற்றும் மருந்து, கிட்னிக்குச் சுமை) இல்லாத டாப்ளர் ஸ்கேன். ஆஞ்சியோவுக்கு டை ஏற்றும் அன்று சுகர் மாத்திரை மெட்பார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிட்னியை மறுபடி பார்த்துத்தான் தொடங்கணும். சீட்டில் பெரிதாக எழுதியாச்சு.

டிசம்பர் 28

கோயம்புத்தூரில் பெட் கிடைத்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் பலூன் விட்டு அடைப்பை விரிப்பதுதான், ஸ்டென்ட் (உள்ளே நிறுத்தும் வலைக்குழாய்) அபூர்வம். சில மாதத்தில் மறுபடி சுருங்கலாம், அதை வீட்டாரிடம் இப்பவே சொல்லிவிடுவது நல்லது. புண் ஆறும்வரை திறந்திருந்தாலே பாதி ஜெயித்த மாதிரி.

1.46ஐ ஸ்கேன் சீட்டில் எழுதவில்லை. 28ஐ எழுதி அடிக்கோடு.

டிசம்பர் 29

மழை வந்தால் கோத்தகிரி வழி. வண்டியில் கெண்டைக்கு அடியில் தலையணை, குதிகால் எதிலும் படாமல் தொங்கணும். அதற்கு மேல் காலைத் தூக்கி வைக்காதீர்கள், இருக்கிற கொஞ்ச ரத்தமும் இறங்காது. ராத்திரி கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டுத்தான் தூங்குகிறாராம். மகள் இன்றைக்குத்தான் சொல்கிறாள்.

வலது பெருவிரலை இன்னும் அளக்கவில்லை.