பருத்தி வராத ஆலைகளும் எங்கள் வரலாற்று வகுப்பும்

எங்கள் காலத்து வரலாற்றுப் பாடத்தில் பிற நாட்டு மக்கள் பெரும்பாலும் போர்களிலும் உடன்படிக்கைகளிலுமே தலைகாட்டினார்கள். எல்லைகளைக் கடந்து அவர்கள் ஒருவருக்கொருவர் துணை நின்ற வரலாற்றையும் அதே பாடநூலுக்குள் இடம் தேடிக் கற்பித்தவர் எங்கள் வரலாற்று ஆசிரியை. நம் முன்னாள் மாணவர் சங்க மலருக்கு எழுதக் கேட்டதும் அவருடைய வகுப்புகளே என் நினைவுக்கு வந்தன.

அமெரிக்க உள்நாட்டுப் போரை நடத்தும்போது அவர் எங்களை இங்கிலாந்தின் லங்காஷயருக்கு அழைத்துச் சென்றார். வட மாநிலங்களின் கடற்படை தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டதால் பருத்தி வரத்துக் குறைந்து, ஆலைகள் மூடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் வறுமையில் வாடின. முற்றுகையை உடைக்கும்படி தம் அரசை வற்புறுத்தியிருந்தால் அவர்கள் பிழைப்புக்கு வழி பிறந்திருக்கலாம். ஆயினும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் கூடிய உழைப்பாளிகள், அடிமை முறைக்கு எதிரான வட மாநிலங்களின் முயற்சியை ஆதரித்து அமெரிக்க அதிபர் லிங்கனுக்கு மடல் அனுப்பினார்கள். அடுத்த மாதமே அவர் நெகிழ்ந்து பதில் எழுதினார். லங்காஷயரில் தெற்கை ஆதரித்த குரல்களும் இருந்தன என்பதை ஆசிரியை மறைக்கவில்லை. அதனாலேயே அந்தப் பாடத்தை நாங்கள் நம்பினோம். “உங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அந்த மடலை ஆதரித்துக் கை தூக்குவீர்களா?” என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. அவர் தீர்ப்புச் சொல்லவில்லை.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினின் கதையையும் அவரிடமே கேட்டேன். 1984இல் ஓர் அங்காடியின் காசாளரான மேரி மேனிங், தொழிற்சங்க முடிவுக்கு இணங்க, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் பழங்களுக்கு விலை போட மறுத்தார். அவரைப் பணியிலிருந்து விலக்கியதும் சக ஊழியர் சிலரும் வெளியேறி மறியலில் இறங்கினார்கள். நிறவெறியைப் பற்றி அவர்கள் அதிகம் அறிந்ததெல்லாம், நாடு கடந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்கரான நிம்ராட் செஜாக்கே மறியலில் வந்து சேர்ந்துகொண்ட பிறகுதான். மறியல் ஏறத்தாழ மூன்றாண்டு நீடித்தது; 1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்க விளைபொருள் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

இரக்கத்துக்கும் தோழமைக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு உணர்த்தியவை இவ்விரு பாடங்களே. மிச்சத்திலிருந்து கொடுப்பது இரக்கம். அந்த உழைப்பாளிகளோ தம் கூலியையே பணயம் வைத்தார்கள். பன்னாட்டுப் புரிந்துணர்வுக்கான கல்வியை யுனெஸ்கோ 1974இலேயே உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்து, 2023இல் அப்பரிந்துரையைப் புதுப்பித்தும் இருக்கிறது. ஆனாலும் ஆண்டுக்கொரு நாள் நிதி திரட்டுவதோடு கடமை முடிந்ததாகக் கருதும் பள்ளிகளைக் காணும்போது வருந்துகிறேன். பிரான்சாலும் ஜெர்மனியாலும், தம்முள் அத்தனை போர்கள் நடந்த பிறகும், மேல்வகுப்புகளுக்கான பொது வரலாற்றுப் பாடநூலை 2006இல் வெளியிட முடிந்தது.

நம் சங்கத்தில் ஆசிரியர்களாகவும் பாடத்திட்டக் குழுக்களிலும் பணியாற்றுவோரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. தேர்வில் கேட்கப்படாத பாடம் ஆண்டிறுதி அவசரத்தில் முதலில் கைவிடப்படும். ஆகவே இத்தகைய நிகழ்வுகளை இணைப்புப் பக்கங்களில் ஒதுக்காமல் பாடத்துக்குள்ளேயே சேர்த்து, மாணவர் தம் நிலைப்பாட்டைக் காரணம் காட்டி எழுதும்படியான வினா ஒன்றையாவது வினாத்தாளில் இடம்பெறச் செய்யுங்கள்.