அந்தத் தோள் ஷாட்டை ஏன் நீக்கினேன்

"நீங்க அவனை ஒளிச்சு வைக்கிறீங்கண்ணா" என்றார் இயக்குநர்.

"ஒளிக்கல தம்பி. அவனே இன்னும் கண்டுபிடிக்கல, நாம ஏன் முந்திக்கணும்?" என்றேன்.

பேச்சு இவ்வளவுதான். நான் அந்தப் படத்தின் எடிட்டர். எடிட் லாக் ஆகி, டிஐ என்கிற நிறச் சீரமைப்பு முடிந்து, ஒலி மிக்ஸிங்கும் முடிந்துவிட்டது. இந்த இரண்டு வாக்கியங்கள் மட்டும் அடங்கவில்லை. சில நாள் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது, சில நாள் என் பக்கம்.

காட்சி இது. ஆற்றில் குளித்துவிட்டுக் கரையேறிய இரண்டு நண்பர்கள், பதினைந்து பதினாறு வயது. ஒருவன் துண்டை உதறித் தலை துவட்டுகிறான். மற்றவன் அவனைப் பார்க்கிறான். தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று பார்ப்பவனுக்குப் பிற்பாடுதான் புரியும். இந்த இடத்தில் அவன் வெறுமனே பார்க்கிறான். இதற்கு எடுத்திருந்தவை ஐந்து: இருவரும் இருக்கும் தூரத்து வைட், இருவரையும் நெருங்கிய ஒரு டூ-ஷாட், ஆளுக்கொரு குளோசப், பிறகு ஒரு சிறு பகுதியை மட்டும் காட்டும் இன்ஸர்ட். இன்ஸர்ட்டில் ஈரத் தோள், கழுத்து, காதோரம் ஒட்டிய முடி. ஃபோகஸ் சுத்தமாக இருந்தது, வெளிச்சமும் அழகு. குறை சொல்ல ஏதுமில்லாத அந்த ஷாட்டைத்தான் நீக்கிவிட்டுப் பார்ப்பவன் முகத்திலேயே நின்றேன்.

பார்வையைக் காட்டுகிற கட் எப்போதும் மூன்று துண்டு: பார்ப்பவன், பார்க்கப்படுவது, மறுபடி பார்ப்பவன். முதல் துண்டில் கருவிழி நகர்ந்து ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். நிலைத்து மூன்று நான்கு பிரேம் (விநாடிக்கு 24 பிரேம்) கழித்து வெட்டினால் அடுத்து வருவது அவன் கண்ணில் படுவது. நிலைப்பதற்கு முன்பே வெட்டிவிட்டால் அது நாம் காட்டுவதாகிவிடும், அவன் பார்ப்பதாக இராது. நடுத் துண்டின் லென்ஸும் பேசும். காட்சி முழுக்க 50 எம்எம்மில் போய்க்கொண்டிருக்கையில் இன்ஸர்ட் மட்டும் 85-ல் வந்தால், அவன் இருந்த இடத்திலிருந்தே நெருங்கிப் போய்விட்டான் என்று அர்த்தம். மூன்றாவது துண்டின் நீளம்தான் தீர்ப்பு. 20 பிரேம் வைத்தால் கவனித்தான். இரண்டு விநாடி வைத்தால் ஆசைப்பட்டான்.

காதல் படங்களில் இந்த மூன்று துண்டு தேய்ந்துபோன பாதை. பெண் திரும்புவாள், முடி பறக்கும், வேகம் குறையும், இசை ஏறும். இயக்குநர் சரியாக அங்கேதான் பிடித்தார். "ஒரு பையன் ஒரு பொண்ணைப் பாக்குறான்னா இந்த ஷாட்டை யோசிக்காமப் போடுவீங்க. இவனுக்கு மட்டும் ஏன் யோசிக்கிறீங்க?" இதற்கு ஒழுங்கான பதில் அன்றைக்கு என்னிடம் இல்லை. இப்போதும் பாதிதான் இருக்கிறது.

முதல் பாதி, இடம். படம் 108 நிமிடம். இந்தக் காட்சி 22-ஆவது நிமிடத்தில் வருகிறது. அவன் தன்னைத்தானே ஒப்புக்கொள்வது 71-இல். தோளை 22-இலேயே காட்டிவிட்டால் அவனைவிட 49 நிமிடம் முன்னாலேயே பார்வையாளருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு சைக்கிளில் டபுள்ஸ் போவது, ஒரே நோட்டில் எழுதுவது, ஒருவன் காய்ச்சலில் படுத்திருக்க மற்றவன் வீட்டுப்பாடம் கொண்டுபோவது எல்லாமே 'எப்போ சொல்லப் போறான்' என்கிற காத்திருப்பாக மாறிப்போகும். நட்பு நட்பாகவே இருக்கும் நிமிடங்கள் படத்தில் மிஞ்சாது. இந்தக் கதையில் பையன் பயப்படுவது தன் ஈர்ப்பைக் கண்டு அல்ல, அதனால் நண்பனை இழந்துவிடுவோமோ என்றுதான். இழக்கப் போவது என்ன என்று முதலில் தெரிய வேண்டாமா?

இப்படிச் சொல்லும்போது திடமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்-பெண் கதையில் இதே கணக்கை யார் போடுகிறார்கள்? அங்கே 5-ஆவது நிமிடத்திலேயே காட்டிவிட்டு மிச்சப் படத்தையும் பார்க்க வைக்கிறோமே.

இரண்டாவது காரணம் உடம்பு. நடித்தவர்களுக்கு வயது 16. முகத்தை வெட்டிவிட்டுத் தோளை மட்டும் 85 எம்எம்மில் திரையளவுக்குக் கொண்டுவந்தால் அது ஆள் இல்லை, உறுப்பு. முகம் உள்ளே இருந்தால் அவனும் அந்தக் காட்சியில் ஒருவன். முகம் இல்லாவிட்டால் வெறும் பார்வைப் பொருள். படப்பிடிப்பில் இன்டிமசி கோஆர்டினேட்டர், அதாவது நெருக்கமான காட்சிகளில் நடிகர்களின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவர், இருந்தார். எது தெரியலாம், எது கூடாது, எத்தனை பேர் செட்டில் நிற்கலாம் என்று எழுதி வைத்துத்தான் எடுத்தார்கள். அந்த வரம்பை ஷாட் மீறவில்லை. ஆனால் அந்தத் தாளில் எத்தனை பிரேம், எந்த இசையோடு, எந்த முகத்துக்கு அடுத்து என்று யாரும் எழுதுவதில்லை. அது எடிட் டேபிளில்தான் முடிவாகிறது. "அப்போ முகத்தோட எடுத்திருக்கணும்னு சொல்றீங்க, பார்வையே கூடாதுன்னு இல்லையே" என்றார் இயக்குநர். ஆமாம், அதுவேதான். முகத்தோடு சேர்ந்த ஷாட் இல்லை.

இனி பார்ப்பவனின் குளோசப்புக்கு வருவோம். சிக்கலே அதில்தான்.

நான்காவது டேக். நடிப்பு முடிந்து 'கட்' சொன்ன பிறகும் கேமரா இரண்டு மூன்று விநாடி ஓடியிருக்கிறது. உதவி இயக்குநரின் ஷீட்டில் அந்தப் பகுதிக்குக் குறிப்பே கிடையாது. அந்த வாலில் பையன் தலை திருப்புகிறான், எதையோ பார்க்கிறான், பார்வையை இறக்குகிறான், மறுபடி உயர்த்திப் பார்க்கிறான். நடித்த எந்த டேக்கிலும் இந்த இரண்டாவது பார்வை இல்லை. நடித்தவற்றில் எல்லாம் 'பார்க்க வேண்டும்' என்று சொல்லிக்கொடுத்தது அப்பியிருந்தது. ரஷ்ஷில், அதாவது எடுத்த மொத்தப் பதிவில், இந்த வாலை வெட்டி எறிவதுதான் வழக்கம். வால்களை முழுக்க ஓடவிட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்ததால் கண்ணில் பட்டது.

அதைப் போட்டதும் அடுத்த தொல்லை: ஐலைன், அதாவது பார்வைத் திசை, பொருந்தவில்லை. நண்பன் நிற்பது கேமராவுக்கு இடப்பக்கம். பையன் பார்ப்பது லென்ஸுக்கு வலதுபுறம், கொஞ்சம் மேலே. படத்தை இடவலமாகப் புரட்டி ஃப்ளாப் செய்து பார்த்தோம். தலை வகிடு இடம் மாறிவிட்டது, கன்னத்து மச்சமும் அந்தப்பக்கம் போய்விட்டது; முந்தைய ஷாட்டுக்கும் இதற்கும் இரட்டைப் பிறவி மாதிரி ஆனது. கடைசியில் டூ-ஷாட்டை முன்னால் வைக்காமல் நண்பன் பிரேமைக் கடந்து போவதை வைத்து, அவன் எங்கே நிற்கிறான் என்பதையே கொஞ்சம் குழப்பிவிட்டோம். 4கே-யில் எடுத்து, அதில் பாதி அகலமான 2கே-யில் முடிக்கும் படம் என்பதால் 12 சதவீதம் உள்ளே இழுத்து, முகத்தை பிரேமில் சற்று நகர்த்த இடம் இருந்தது. பார்வையின் கோணம் அதனால் மாறாது, தவறு உறுத்துவது மட்டும் குறையும். ஆனால் இன்ஸர்ட்டை அடுத்து ஒட்டினால் மறுபடி உறுத்தும். இன்ஸர்ட்டைத் தவிர்க்க இது வசதியான காரணமாகவும் ஆகிவிட்டது என்பதை மறுக்கவில்லை.

நடிக்காத ஒரு பார்வையை, அதுவும் 16 வயதுப் பையனுடையதை, காதல் பார்வை என்று திரையில் வைப்பதற்கு முன் அவனிடம் காட்ட வேண்டும் என்றேன். அவனையும் அவன் அம்மாவையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்கள். அவன் சிரித்துவிட்டான். "குளிரு சார். காஸ்ட்யூம் அண்ணா துண்டை வச்சுக்கிட்டு அந்தப்பக்கம் நின்னாரு. குடுப்பாரா மாட்டாரான்னு பாத்தேன்." போட்டுக்கொள்ளுங்கள் என்று இருவரும் சம்மதித்தார்கள்.

ஏங்கிய பார்வைதான். ஏங்கியது துண்டுக்கு.

ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் நூறு வருடத்துக்கு முன் செய்த சோதனை எடிட்டிங் படிக்கிற எல்லோருக்கும் முதல் பாடம். மொஸ்ஜுகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை சூப், சவப்பெட்டி, பெண் என்று வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்ட, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று படித்தார்கள் என்பார்கள். இயக்குநரும் அதைத்தான் எடுத்தார்: "அப்போ இந்தப் பார்வைக்கு அர்த்தம் குடுக்கப்போறது அடுத்த ஷாட்தான். அதை நீங்க குடுக்க மாட்டேங்குறீங்க. துண்டுக்குப் பாத்த முகமாவே விட்டுடப் போறீங்களா?" வாதம் என்று பார்த்தால் அன்றைக்கு அவர்தான் ஜெயித்தார்.

நான் ஒலி பக்கம் போனேன். முகத்தின் மேல் நண்பனின் சத்தத்தை எல்-கட்டாக (முந்தைய ஷாட்டின் சத்தம் அடுத்த ஷாட்டின் மேலும் தொடர்வது) ஓடவிட்டோம்: துண்டு உதறும் படபட, மூக்கை உறிஞ்சுவது, பாதியில் நிற்கிற ஒரு முணுமுணுப்புப் பாட்டு. துண்டுச் சத்தம் ஃபோலியில் (ஸ்டூடியோவில் தனியே சத்தம் செய்து பதிவது) முதலில் காய்ந்த துணியில் செய்து வந்தது, பட்டம் படபடப்பது மாதிரி கேட்டது. நனைத்துப் பிழிந்த துணியில் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. ஆற்றுச் சத்தத்தை அந்த இடத்தில் 3 டெசிபெல் மட்டும் இறக்கினோம். 6 இறக்கிப் பார்த்தபோது 'இதோ முக்கியமான கட்டம்' என்று கூவியது. ஆர்.ஆர்.-இல் (பின்னணி இசையில்) வயலின் போட்டிருந்தார்கள், எடுக்கச் சொன்னேன். முகம் மொத்தம் 82 பிரேம், அதாவது மூன்றே கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல். 61-ஆவது பிரேமில் கண் சிமிட்டுகிறான். சிமிட்டும் முன்பே வெட்டினால் பார்வை அந்தரத்தில் நிற்கும். சிமிட்டிய பின்னும் இருந்தால், பார்த்தது உள்ளே இறங்கிய மாதிரி இருக்கும். இருந்தோம்.

இவ்வளவு செய்தும் இயக்குநரின் வார்த்தை குத்துவது 'ஒளிச்சு' என்ற இடத்தில். அமெரிக்க ஸ்டூடியோக்களில் 1934 முதல் தணிக்கை விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். 1968 வரை அது இருந்தது. தன்பால் ஈர்ப்பைக் குறிப்பால் உணர்த்துவதுகூட விலக்கு, 1961-இல்தான் சற்றுத் தளர்ந்தது. அந்தக் காலத்தில் நம்மைப் போன்ற எடிட்டர்கள் செய்த வேலை இதுவேதான்: பார்வையை வைத்துவிட்டுப் பார்க்கப்படுவதை எடுத்துவிடுவது. தெரிந்தவனுக்குப் புரியும், தெரியாதவன் கடந்து போவான். என் 82 பிரேமும் அதே வேலையைச் செய்யவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? அவர்கள் பயத்தால் செய்தார்கள், நான் பாத்திரத்துக்காகச் செய்தேன் என்று சொல்லலாம். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

முகத்திலேயே நிற்பதற்குத் துணையாக, இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் 'கால் மீ பை யுவர் நேம்' படத்தின் முடிவைச் சொன்னேன். கணப்பு முன் உட்கார்ந்திருக்கும் பையனின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு டைட்டில் ஓடும், நெருப்பைக் காட்ட மாட்டார்கள். "அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் எல்லாத்தையும் காட்டிட்டாங்கண்ணா" என்றார்.

நடுவழி ஒன்றும் முயன்றோம். 22-இல் நீக்கிய தோளை 71-இல், அவன் ஒப்புக்கொள்ளும் இடத்தில், 14 பிரேம் நினைவாகச் செருகினோம். துப்பறியும் படத்தில் கடைசி ரீலில் தடயத்தைக் காட்டுவது போல் ஆகிவிட்டது. அவன் ஏதோ குற்றம் செய்து நாம் கண்டுபிடித்த மாதிரி. இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்ற ஒரே இடம் அதுதான்.

முன்னோட்டத் திரையிடலில் அந்தக் காட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. தோள் இருந்த பழைய வடிவத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இரண்டு ஆண்கள் நெருங்கினாலே நகைச்சுவை என்று சினிமா பழக்கிய சிரிப்பு. அதை எனக்குச் சாதகமாகக் கணக்கெடுத்துக்கொண்டேன். ஆனால் புது வடிவத்தைப் பார்த்த ஒருவர், "ஆத்தங்கரைல அவனுக்கு இவன் மேல ஏதோ கோவமா?" என்று கேட்டார். சிரிக்கிறவர்களுக்கு பயந்து வெட்டினேனா, பையனுக்காக வெட்டினேனா என்று அப்போதிருந்துதான் குழப்பம். சிரிப்பைப் பார்ப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டேன் என்பது உண்மை. எந்தத் தியேட்டரிலும் அந்தச் சிரிப்பு வரும் என்று முன்பே தெரியும் என்பதும் உண்மை.

இயக்குநர் கடைசியில் ஒத்துக்கொண்டது என் வாதத்தால் அல்ல. நண்பனாக நடித்த பையன் டப்பிங்குக்கு வந்தபோது இரண்டு வடிவத்தையும் பார்த்துவிட்டு, "இதுல நான் என்ன சார் பண்றேன், என் தோள்தானே இருக்கு" என்றான். அதன் பிறகு தோளைப் பற்றி அவர் பேசவில்லை. 'ஒளிச்சு' என்றதைத் திரும்பப் பெறவும் இல்லை.

டிரெய்லரை வேறொரு குழு வெட்டியது. இரண்டு நிமிடத்தில் கதை புரிய வேண்டும் என்பது அவர்கள் வேலை. அந்தத் தோள் அதில் 31 பிரேம் இருக்கிறது, வயலினோடு. படத்தில் இல்லாத ஷாட் டிரெய்லரில் இருப்பது சாதாரணம், அதற்காகச் சண்டை போட முடியாது. முகத்தோடு சேர்ந்த ஒரு ஷாட்டை டிரெய்லருக்காவது தனியே எடுக்க முடியுமா என்று தயாரிப்பில் கேட்டேன். ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார்கள். பையன்களும் அதற்குள் ஒரு சாண் வளர்ந்துவிட்டார்கள்.